சம்மந்திக்கு உப்பு பத்தல

தம்பி, காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கங்க. தூக்குவாளி இருக்கு. உள்ள சாம்பார். மூடி இறுக்கமாத்தான் இருக்கு, ஆனா உசிலம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை வரும் பாருங்க, அங்க எந்த மூடியும் நிக்காது. நீங்க போடி வரைக்குமா? நானும் போடிதான். நல்லதாப் போச்சு.

ஆரப்பாளையத்துல வெள்ளரிக்கா வாங்குனீங்கள்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தம்மா உப்பும் மொளகாப்பொடியும் தடவுறப்ப, "உப்பு கம்மியா"ன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையில ஒங்கள எனக்குப் புடிச்சுப் போச்சு. உப்பப் பத்தி வெவரம் தெரிஞ்ச ஆளு. ஒங்ககிட்ட நாயம் கேக்கலாம். வீட்ல கேட்டா எல்லாரும் சம்மந்தி பக்கம் பேசுறாங்க.

என் பேரு தவமணி. பி.டி. வாத்தியாரு. ரிட்டயர்டு ஆயிட்டேன், ஆனா விசில் இன்னும் சட்டப் பையிலதான் இருக்கு. பழக்கம். எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குன்னு கண்டுபுடிச்சு, உப்பக் குறைங்கன்னு டாக்டர் சொன்ன சமயத்துலதான் என் மக இளவரசிக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நான் ஒரு நல்ல விசயத்தக் கையில எடுத்தா எனக்கு மட்டும் செஞ்சுக்கிற ஆளு கெடையாது. சமையக்காரரக் கூப்பிட்டு, எல்லாத்துலயும் பாதி உப்புன்னு சொல்லிட்டேன். எலையில ஓரமா உப்பு வைப்பாங்கள்ல, அதையும் நிறுத்தியாச்சு. ஒரே நேரத்துல ஒரு மண்டபத்துக்கே ரத்தக்கொதிப்பக் குறைச்ச மனுசன் இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்கா, சொல்லுங்க.

மொதப் பந்தி. மாப்பிள்ளையோட அப்பா, சுருளிவேலுன்னு பேரு, போடியில ஏலக்கா யாவாரி. ஏலக்காய மோந்து பாத்தே எந்தத் தோட்டம்னு சொல்லிருவாருன்னு பீத்திக்குவாங்க. நடுநாயகமா உக்காந்திருக்காரு. சாம்பார ஒரு வாய் வச்சாரு. நாயனக்காரரு அப்பத்தான் வாசிச்சு ஓஞ்சிருந்தாரு, மண்டபம் கப்சிப்னு இருக்கு. இந்த ஆளு நிமுந்து, அந்தக் கடைசியில நிக்கிற என்னப் பாத்து, "சம்மந்தி, உப்பு இல்ல"ன்னாரு.

அம்புட்டுத்தான். அதுவரைக்கும் பேசாமச் சாப்பிட்டவன் எல்லாம், ஆமா உப்பு இல்ல, ஆமா உப்பு இல்லன்னு கை தூக்குறான். உப்பு இருந்துச்சு தம்பி. இருக்க வேண்டிய அளவு இருந்துச்சு. அத யாரு கேட்டா?

சரி, ஒரு நாளு சொல்லிட்டுப் போயிருந்தா மறந்துருப்பேன். வளைகாப்புல சொன்னாரு. பேத்திக்குக் காதுகுத்துல சொன்னாரு. எனக்குப் பள்ளிக்கூடத்துல பிரிவு உபசார விழா வச்சாங்க. மைக்கப் புடிச்சு, "தவமணி சாரு தங்கமான மனுசன், உப்பு ஒண்ணுதான் பத்தாது"ன்னாரு. எட்மாஸ்டர் சிரிச்ச சிரிப்புல மால கழண்டு விழுந்துருச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த ஆளு வாயாலயே, நாலு பேரு முன்னாடி, சாம்பாரு நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வைக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.

அப்பறம் பாருங்க, அவருக்கு அந்த வாயிலயே, கன்னத்துக்குள்ள வந்துருச்சு. புத்துநோய். வெத்தல பொகையில போட்டு ஒதுக்கி வைக்கிற எடத்துல. மதுரையில ஆப்பரேசன் பண்ணி எடுத்தாங்க. பெறகு ரேடியேசன், கூடவே அதுக்கு மருந்து ஏத்துறது. தெனமும் போடியிலேர்ந்து வர முடியுமா? அவரு சம்சாரம் முன்னாடியே தவறிப் போச்சு. மாப்பிள்ள வெளிநாட்டுல. நான் தான் சொன்னேன், எங்க வீட்ல வந்து இருங்கன்னு. பொண்ணு வீட்ல தங்குறதான்னு தயங்குனாரு. விசில் ஊதாத கொறையாக் கூட்டிட்டு வந்தேன். எம் மகளும் கூட வந்துட்டா.

வாயெல்லாம் புண்ணு. முழுங்க முடியல. மூக்கு வழியா வயித்துக்கு ஒரு டியூப் விட்டு, அதுல சிரிஞ்சு வச்சு கஞ்சி ஊத்தணும். நானே ஊத்துறேன்னு வாங்கிக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், பாசத்துலதான். ஆனா ஒரு சந்தோசமும் இருந்துச்சு. மூக்கு வழியாப் போற கஞ்சியில இந்த ஆளு எப்பிடிக் கொற சொல்லுவாரு?

ஆஸ்பத்திரியில சாப்பாடு சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. "சார், கஞ்சியில உப்பு போட மறந்துராதீங்க. தண்ணி நான் சொல்ற அளவுதான்"னுச்சு. சின்னப் புள்ள. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். நாக்குல படாமப் போறதுக்கு எதுக்கு தம்பி உப்பு? யாரு ருசி பாக்கப் போறா? தண்ணி விசயம் எனக்கா தெரியாது? எங்க கிரவுண்டுல பய மயங்கி விழுந்தா தண்ணி. முட்டி பேந்தா தண்ணி. பரிச்சையில பெயிலாயிட்டு அழுதுக்கிட்டு வந்தாலும் தண்ணி. என் சர்வீஸ்ல தண்ணியால கெட்டவன்னு ஒருத்தன் கெடையாது. அதனால தாராளமா ஊத்துனேன். பார்லித் தண்ணி, சீரகத் தண்ணி, நீத்துப்போன கஞ்சி, நடுவுல பச்சத் தண்ணி. மணிக்கு ஒருதரம் விசில் ஊதிட்டு ஊத்துவேன், அவரும் தயாரா இருக்கணும்ல.

என் சம்சாரம் மல்லிகா, "அந்தப் பொண்ணு சொன்னபடி செய்யுங்களேன்"னா. அவ எப்பவும் அப்பிடித்தான்.

கொஞ்ச நாள்ல தலவலின்னாரு, கொமட்டுதுன்னாரு. ரேடியேசன்னா அப்பிடித்தான் இருக்கும்னு இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துனேன். பெறகு பாருங்க, அவரு மாற ஆரம்பிச்சாரு. வந்த புதுசுல அந்த வாயோட அந்தப் புண்ணோட எம்புட்டு கொற சொல்லுவாரு தெரியுமா? ஃபேன் கிறீச்சுங்குது, தலகாணி கல்லு மாதிரி, வாத்தியாரு வீட்ல குழாகூட மெரட்டித்தான் சொட்டுதுன்னு. அதெல்லாம் நின்னு போச்சு. சாதுவா, ஒரு சிரிப்போட, செவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. என்ன சொன்னாலும் தலையாட்டுறாரு. ஒருநாக் காலையில என்னக் கூப்பிட்டு, "அண்ணே"ன்னாரு. என்னவிட மூத்தவரு தம்பி. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

நம்ம கவனிப்புதான் இப்பிடி மாத்தியிருக்குன்னு நெனச்சேன். சமயம் பாத்து, "சம்மந்தி, அன்னைக்குக் கல்யாணத்துல சாம்பாரு எப்பிடி?"ன்னு கேட்டேன். ஒரு நிமிசம் யோசிச்சாரு. "அருமை"ன்னாரு.

நான் மாடிக்குப் போயி கொஞ்ச நேரம் தனியா நின்னுட்டு வந்தேன்.

மல்லிகாவுக்கு அது பொறுக்கல. "அவரு ஒரு மாதிரியா இருக்காருங்க. காலண்டரப் பாத்துக் கும்புடுறாரு. ஆஸ்பத்திரியில சொல்லுவோம்"னா. காலண்டர்ல முருகன் இருக்காரு, கும்புடாம என்ன செய்வாருன்னேன். "அது சிமெண்டுக் கம்பெனி காலண்டரு, லாரி படம் போட்டிருக்கு"ன்னா. லாரியில ஏலக்கா ஏத்துறவருக்கு லாரி தெய்வம்தானேன்னு அவ வாய அடச்சேன். ஆஸ்பத்திரியில நர்ஸு, வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கான்னு கேட்டப்ப, "முன்னைக்கு இப்ப ரொம்ப நல்ல மனுசனா ஆயிட்டாரும்மா"ன்னேன். அது சிரிச்சுட்டு, திங்கக்கெழம டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க வாங்கன்னுச்சு.

ஞாயித்துக்கெழம நான் எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். சம்மந்தியப் பாத்துட்டுப் போங்கன்னு ஒரு பேருக்கு. அன்னைக்குப் பந்தியில இருந்த ஆளுகளாப் பாத்துப் பொறுக்கிக் கூப்பிட்டேன், போடியிலேர்ந்து அவரு பங்காளி வரைக்கும். கூடத்துல நாக்காலிய வரிசையாப் போட்டு, அவர நடுவுல உக்கார வச்சேன். நடக்கையில தள்ளாடுனாரு, நான் தான் தாங்கிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வெள்ள வேட்டி, நெத்தியில திருநீறு, மூக்குல டியூபு. பாக்க மாப்பிள்ள கணக்கா இருந்தாரு.

விசில எடுத்து ஒரு ஊது ஊதுனேன். எல்லாரும் அமைதி. "சம்மந்தி, நம்ம கல்யாணத்துல சாம்பாரு எப்பிடி?"

"அருமை."

கூடமே அசந்து போச்சு தம்பி. அவரு பங்காளி எந்திரிச்சே நின்னுட்டாரு. என் வாழ்க்கையில எனக்கு எத்தன கோப்பை வந்துருக்கு, அன்னைக்கு மாதிரி நெஞ்சு நெறஞ்சது இல்ல. அத்தோட விட்டிருந்தா நல்லாருந்துருக்கும். என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு எல்லாத்துலயும் மூக்க நொழைக்கணும். "மாமா, பாயசம் எப்பிடி இருந்துச்சு?"ன்னான்.

"அருமை."

"ரசம்?"

"அருமை."

இளவரசி அடுப்படியிலேர்ந்து வந்து பாத்தா. கிட்டப் போயி அவரு முன்னால உக்காந்து, "மாமா, நான் யாரு?"ன்னா.

"அருமை"ன்னாரு.

எம் மக என்ன நிமுந்து பாத்த பார்வைய நான் மறக்க மாட்டேன். அடுத்த நிமிசம் அவருக்குக் கண்ணு மேல சொருகி, கையி காலு வெட்டி இழுக்க ஆரம்பிச்சுருச்சு. நான் ஓடிப்போயி ஒரு சொம்பு தண்ணியோட வந்தேன். அவ அந்தச் சொம்பப் புடுங்கி வாசல்ல எறிஞ்சா. "தண்ணிய விடுங்கப்பா, வண்டியக் கூப்பிடுங்க"ன்னா. பொறந்ததுலேர்ந்து அவ என்ன எதுத்து ஒரு வார்த்த பேசுனது இல்ல.

ஐசியூவுல ஒரு லேடி டாக்டர். வெளிய வந்து, "இவருக்கு டியூப்ல ஊத்துறது யாரு?"ன்னாங்க. நான் அட்டென்சன்ல நின்னு, நான் தான்னேன்.

"இவரு ரத்தத்துல சோடியம், அதாவது உப்பு, நூத்திப் பதினாலு இருக்கு சார்."

நான் அம்புட்டுப் பயத்துலயும், நூத்துக்கு நூத்திப் பதினாலா, பரவாயில்லயேன்னு மூச்சு விட்டுட்டேன். வாத்தியாரு புத்தி.

"நூத்துக்கு இல்ல சார், நூத்தி முப்பத்தஞ்சாச்சும் இருக்கணும். இப்பிடிக் கொறஞ்சா மூள வீங்கிரும். கொழப்பம் வரும், வலிப்பு வரும், உசுரே போயிரும். தலையில கழுத்துல இந்த நோய் வந்தவங்க சில பேருக்கு உடம்பு தண்ணிய வெளிய விடாமத் தேக்கி வச்சுக்கும். ஏத்துற மருந்தும் உப்ப இழுத்துட்டுப் போகும். அதுல நீங்க உப்பும் போடாம, தண்ணியவும் ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கீங்க."

கவனிச்சீங்களா தம்பி? மொதல்ல என்ன சொன்னாங்க? நோயே செய்யும்னாங்க. ரெண்டாவது, மருந்து செய்யும்னாங்க. நான் வந்தது மூணாவதுதான். போட்டியில மூணாவது வந்தவன யாராச்சும் ஞாபகம் வச்சுக்குவாங்களா? எம் மக அத மட்டும் புடிச்சுக்கிட்டா.

சரின்னு நான் ஓடிப்போயி எதுத்த கடையில ஒரு மூட்ட கல்லுப்பு வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறுனேன். செக்யூரிட்டி விடல. டாக்டரம்மாவே வந்து, "உப்பயும் மெதுவாத்தான் ஏத்தணும் சார். ஒரேயடியா ஏத்துனா மூளைக்கு அதுவும் ஆபத்து. நீங்க தயவு பண்ணி ஒண்ணும் செய்யாம உக்காருங்க"ன்னாங்க. ஒண்ணும் செய்யாம உக்காரச் சொல்லி எனக்கு யாரும் சொன்னதே இல்ல. உக்காந்தேன். மூட்டைய மடியில வச்சுக்கிட்டு.

அப்பத்தான் பயம் வந்துச்சு. உண்மையான பயம். கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா உப்புத் தண்ணி சொட்டுச் சொட்டா எறங்குது. அந்த ஆளு அசையாமப் படுத்திருக்காரு. சாம்பாரு நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டாரு, நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாரு, நான் கேட்டது கெடச்சுருச்சு. ஆனா இப்பிடியே போயிட்டாருன்னா? எம் மக என் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டா. அது கூட ரெண்டாவது தம்பி. இந்த ஆளு இல்லாத ஒரு விசேசத்துல நான் என்னத்தப் போயிப் பரிமாற? எல்லாப் பயலும் தலையத் தொங்கப் போட்டுச் சாப்பிட்டுட்டுப் போயிருவான். அழுதேன். மல்லிகா பாத்துட்டா. மூட்டைய மாரியம்மன் கோயில்ல கொட்டிருவோம், உப்பு மொளகு காணிக்கையாச்சுன்னா. சரின்னேன்.

ரெண்டு நாளு கழிச்சுக் கண்ணு முழிச்சாரு. டாக்டரம்மா அவருக்குத் தெளிவு வந்துருச்சான்னு பாக்கறதுக்குக் கேள்வி கேட்டாங்க. பேரச் சொன்னாரு. ஊரச் சொன்னாரு. மருமக பேரச் சொன்னாரு. பெறகு என்னக் காட்டி, "இவரு யாரு?"ன்னாங்க.

அவரு என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அண்ணேன்னு சொல்லிருவாரோன்னு எனக்குப் பக்குபக்குங்குது. அந்தப் புண்ணு வாயத் தொறந்து, ஒவ்வொரு எழுத்தா, "கல்யாணத்துல... உப்பில்லாச் சாம்பாரு... ஊத்துனவரு"ன்னாரு.

டாக்டரம்மா என்னப் பாத்து, இது சரியான்னு கேட்டாங்க. நான் என்ன தம்பி சொல்ல முடியும்? சரின்னு சொன்னாத்தானே ஆளு பொழச்சுட்டாருன்னு எழுதுவாங்க. சரிதான் டாக்டர்னேன். எம் மக அழுதுக்கிட்டே சிரிக்கிறா. நர்ஸெல்லாம் சிரிக்குது. ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிருச்சு. ரேடியேசனுக்கு மிச்ச நாளெல்லாம் நான் உள்ள போனா வாட்ச்மேன்கூட, "வாங்க சாம்பாரு சார்"ங்கிறான்.

அதுக்கப்பறம் சிரிஞ்ச எம் மக வாங்கிக்கிட்டா. உப்பு போட்டு, தண்ணி அளந்து, எல்லாம் அந்தச் சின்னப் புள்ள சொன்னபடி. என்னப் பக்கத்துல அண்ட விடல. வைத்தியம் முடிஞ்சு, புண்ணு ஆறி, டியூப எடுத்தாச்சு. எம் மகளோட போடிக்குப் போயிட்டாரு. ஆனா நாக்குக்கு ருசியே தெரியல. ரேடியேசன் வச்சதுல செத்துப் போச்சு, சில பேருக்கு மெல்லத் திரும்பும், பொறுத்துத்தான் பாக்கணும்னுட்டாங்க. எத வச்சாலும் மண்ணு மாதிரி இருக்குங்கிறாரு. ஏலக்காய வாயில போட்டு மென்னு துப்பிட்டு, சும்மா உக்காந்திருந்தாரு ஒருநாளு. எனக்கு அதப் பாக்கப் பொறுக்கல.

அதான் வாராவாரம் இந்தத் தூக்குவாளி. மல்லிகா வைப்பா, நான் கொண்டுட்டுப் போவேன். ஒரு கரண்டி வாயில விட்டுக்குவாரு. "எப்பிடி?"ம்பேன். "மண்ணு"ம்பாரு. வச்சுட்டுத் திரும்பிருவேன். ஒரு கொற சொல்ல மாட்டாரு. கொற சொல்ல ருசி வேணும்ல?

போன வாரம் என்னாச்சு, அவசரத்துல வாளி மாறிப் போச்சு. எனக்குன்னு தனியா வைப்பா, உப்பே போடாம, அதத் தூக்கிட்டுப் போயிட்டேன். எனக்குத் தெரியாது. அவரும் வழக்கம்போல ஒரு கரண்டி விட்டாரு. நான் கேக்கக்கூட இல்ல, கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. அவரு முழுங்குனாரு. இன்னொரு கரண்டி விட்டாரு. கரண்டியக் கீழ வச்சாரு.

"சம்மந்தி, உப்பு இல்ல"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இந்த நெலமையிலயுமான்னு வாயத் தொறக்கப் போனேன். இளவரசி ஓடிவந்து ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சுப் பாத்தா. அப்பிடியே அவரு காலடியில உக்காந்துட்டா. "நெசமாவே உப்பு இல்லப்பா. மாமாவுக்குத் தெரிஞ்சுருச்சுப்பா"ன்னா. இன்னொரு தட்டுல உப்பு கலந்து ஊத்துனா. அவரு நக்கிப் பாத்துட்டு, இது பரவாயில்லன்னாரு. கண்ணுலேர்ந்து தண்ணி ஒழுகுது அவருக்கு. நான் வெளிய போயி ஏலக்கா மூட்டைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். அங்க ஒரே தூசி, கண்ணெல்லாம் எரிஞ்சுச்சு.

ஆனாலும் சொல்லுங்க தம்பி, ஒரு நாயமா? அவரு உசுரப் புடிச்சு வச்சது யாரு? மறுபடியும் அதே வார்த்த. மெதுவா என் காதுல சொல்லியிருக்கலாம்ல.

இன்னைக்கு மல்லிகாவ அடுப்படிக்குள்ள விடல. நானே வச்சேன். உப்பு நானே போட்டேன், எவ்வளவு போட்டா போதும்னு தெரியல, எனக்குத்தான் பழக்கம் விட்டுப் போச்சே. ருசி பாக்கவும் முடியாது, ரத்தக்கொதிப்பு. உசிலம்பட்டி வந்துருச்சா? வேகத்தடைக்கு முன்னாடி ஒரு ஒத்தாச பண்ணுங்க. கைய நீட்டுங்க. சும்மா நீட்டுங்க, ஒரு சொட்டுத்தான், மூடியில ஊத்துறேன். நீங்க உப்பு கம்மியாச் சாப்பிடுற ஆளு, ஒங்களுக்குத் துல்லியமாத் தெரியும். பாத்துச் சொல்லுங்க.

என்ன, மொகத்த இப்பிடி வைக்கிறீங்க? ஜாஸ்தியா?

ரொம்பவா?

இந்தாங்க, தண்ணி குடிங்க. ஒரு மடக்குப் போதும், அதுக்கு மேல வேணாம். மூடியக் குடுங்க, இறுக்கி வச்சுர்றேன். இருக்கட்டும் தம்பி, ஜாஸ்தியாவே இருக்கட்டும். போடியே கேக்குற மாதிரி அவரு கத்தட்டும். உப்பு ஜாஸ்திங்கிற வார்த்தைய மட்டும் அவரு இன்னும் என்னப் பாத்துச் சொன்னதே இல்ல.